குகைச் சுவரில் இருப்பது யார்? மாயா குகை ஓவியங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழும் மாயா என்ற பழங்குடி மக்களின் குகை ஓவியப் படங்கள் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் நிறையச் சுற்றுகின்றன. படத்தோடு வரும் விளக்கம்தான் பெரும்பாலும் கோளாறாக இருக்கிறது. ஒருவர் பூசாரி என்கிறார், இன்னொருவர் அரசன் என்கிறார், மூன்றாமவர் விண்வெளி வீரர் என்கிறார். படத்தைப் பார்த்துக் குழம்பியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மாயா குகை ஓவியங்கள் எங்கே இருக்கின்றன?

மெக்சிகோவின் யுகதான், சியாபாஸ் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெலீஸ் நாடுகளிலும் இருக்கின்றன. அந்த நிலம் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் பாறையைக் கரைத்துக் கரைத்து எண்ணற்ற குகைகளை உண்டாக்கியிருக்கிறது. யுகதானில் லொல்துன், சியாபாஸில் ஹோல்ஹா, குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் நாஜ் துனிச் ஆகியவை பெயர் பெற்றவை.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘மாயா குகை ஓவியம்’ என்று பகிரப்படும் வண்ணமயமான படங்களில் பல குகையைச் சேர்ந்தவையே அல்ல. பொனம்பாக் ஓவியங்கள் கி.பி. 790 வாக்கில் ஒரு கட்டடத்தின் உட்சுவரில் தீட்டப்பட்டவை. 2001இல் கண்டுபிடிக்கப்பட்ட சான் பர்த்தோலோ ஓவியங்களும் கட்டடச் சுவரில் உள்ளவைதான், கி.மு. 100ஐ ஒட்டியவை. மெக்சிகோவின் கெரேரோ மாநிலத்தில் இருக்கும் ஓஷ்தோதித்லான், ஹுஷ்த்லாவாகா ஓவியங்கள் குகையில் இருப்பது உண்மை. ஆனால் அவை ஓல்மெக் என்ற இன்னும் பழைய பண்பாட்டின் பாணியில் வரையப்பட்டவை, நாஜ் துனிச்சை விட ஆயிரம் ஆண்டுக்கும் மேல் மூத்தவை. படம் எந்த ஊர்ச் சுவரில் இருக்கிறது என்று தெரியாமல் உருவத்துக்குப் பெயர் வைக்கப் போனால் அடுத்து சொல்லும் எல்லாமே தப்பாகப் போகும்.

எதை எடுத்தாலும் நாஜ் துனிச் பற்றியே பேசுகிறார்களே, ஏன்?

அங்கே கிடைத்த அளவுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. 1979 வாக்கில் பெர்னாபே பாப் என்ற உள்ளூர் மாயா விவசாயி நாய்களோடு வேட்டைக்குப் போனபோது இந்தக் குகை அவர் கண்ணில் பட்டது. 1981இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் படங்கள் வந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுரங்கவழிகளில் சுமார் 90 ஓவியங்களும் எழுத்துத் தொகுதிகளும் இருந்தன. ஆண்ட்ரியா ஸ்டோன் என்ற கலை வரலாற்று ஆய்வாளர் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து 1995இல் நூலாக வெளியிட்டார். ஜேம்ஸ் பிரேடி என்ற தொல்லியலாளர் குகைக்குள் அகழாய்வு செய்தார். இன்றைக்கு நாம் ‘18ஆம் எண் ஓவியம்’, ‘21ஆம் எண் ஓவியம்’ என்று சொல்வதெல்லாம் ஸ்டோன் கொடுத்த எண்களை வைத்துத்தான்.

இன்னொரு காரணம், வரைந்தவர்களின் கைத்திறன். வெளிர்ந்த சுண்ணாம்புச் சுவரில் கறுப்புக் கோடு மட்டும், நிறமே கிடையாது. ஆனால் அந்தக் கோட்டைக் கவனியுங்கள்: தோளில் மெலிந்து தொடங்கி முதுகில் தடித்து இடுப்பில் மறுபடி மெலிகிறது. தூரிகையை எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இடத்தில் தளர்த்த வேண்டும் என்பது கைக்கே தெரிந்தவர்கள் போட்ட கோடு அது. அரண்மனைகளில் மண்பாண்டங்களுக்குப் படமும் எழுத்தும் தீட்டிய எழுத்தர்களின் கோடும் இதே வகைதான். அவர்களைப் போல் பயிற்சி பெற்றவர்கள் தீப்பந்தத்தோடு இந்த இருட்டுக்குள் வந்திருக்கிறார்கள்.

ஒரு உருவத்தைப் பார்த்ததும் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெயரைத் தேடாதீர்கள். கண், தலைக்கட்டு, உடம்பில் உள்ள குறிகள், இடுப்பில் கட்டியிருப்பது, கையில் இருப்பது, உட்கார்ந்திருக்கும் விதம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பக்கத்தில் எழுத்து உண்டா, உருவம் குகை வாசலில் இருக்கிறதா அடி ஆழத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகுதான் ‘யார்’ என்ற கேள்விக்கே வர வேண்டும்.

உடை ஒன்றே நிறையச் சொல்லும். ஊர் நடுவில் நிற்கும் கல்தூண்களில் மாயா அரசர்கள் இறகுக் கிரீடமும் பச்சைக்கல் மாலைகளுமாக, உடம்பே தெரியாத அளவுக்கு அலங்காரத்தோடு இருப்பார்கள். நாஜ் துனிச்சில் பலர் இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, தலையை எளிமையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெருமையைக் காட்ட வந்தவர்களாகத் தெரியவில்லை. வேண்டுதலுக்கோ நோன்புக்கோ வந்தவர்கள் என்று எடுத்துக்கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கடவுளா மனிதரா என்று எப்படிப் பிரிப்பது?

கண்ணைப் பாருங்கள். மாயா ஓவியத்தில் மனிதக் கண் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும். கடவுளர் பலருக்குப் பெரிய சதுரக் கண், உள்ளே வளைந்த அல்லது சுருண்ட கருவிழி. கை கால்களில் பளபளப்பைக் குறிக்கும் சிறு குறிகள் இருந்தால் அதுவும் தெய்வ அடையாளம். மழைக்கடவுள் சாக் என்றால் காதில் சிப்பி, பெரும்பாலும் கையில் கோடரி. மக்காச்சோளக் கடவுளின் தலை கதிர் மாதிரி நீண்டு பின்னால் சாய்ந்திருக்கும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மாயா அரசர்களும் சடங்குகளில் கடவுள் வேடம் போட்டார்கள். ஆகவே தெய்வ அடையாளம் இருப்பதால் மட்டும் அது தெய்வமே என்று சொல்லிவிட முடியாது. அந்த வேடத்தில் இருக்கும் மனிதராகவும் இருக்கலாம். அவர்களுக்கே இந்த இரண்டுக்கும் நடுவே நாம் போடுகிற அளவுக்குக் கறாரான கோடு இருந்ததில்லை.

இரட்டையர் என்கிறார்களே, அவர்கள் யார்?

ஹுனாஹ்பு, ஷ்பலாங்கே என்ற சகோதரர்கள். பாதாள உலகமான ஷிபல்பாவுக்குப் போய், அங்குள்ள மரண அதிபதிகளோடு பந்தாடி, சூழ்ச்சியால் அவர்களை வென்றவர்கள். கீச்சே மாயா மக்களின் பொப்பொல் வூ என்ற நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. வௌவால் வீட்டில் ஹுனாஹ்புவின் தலை துண்டிக்கப்பட்டு, அந்தத் தலையையே பந்தாக வைத்து ஆடும் இடமும் அதில் வரும்.

ஓவியத்தில் இவர்களைக் கண்டுபிடிக்க அடையாளம் உண்டு. இருவர் தலையிலும் துணிப்பட்டை. ஹுனாஹ்புவின் உடம்பிலும் கன்னத்திலும் கரும்புள்ளி, ஷ்பலாங்கே மேல் ஜாகுவார் (சிறுத்தை போன்ற விலங்கு) தோல் திட்டுகள். நாஜ் துனிச்சின் 87ஆம் எண் ஓவியத்தில் இருப்பது இந்த இரட்டையர்தான் என்று ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். பாதாளத்துக்குள் போய்த் திரும்பியவர்களைப் பாதாளத்தின் வாசலாகக் கருதப்பட்ட குகைக்குள்ளேயே வரைந்திருக்கிறார்கள். இடமும் உருவமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த ஓவியங்கள் 8ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. பொப்பொல் வூ எழுத்தில் வந்தது 1550களில். நடுவில் 800 ஆண்டு இடைவெளி. பழைய மண்பாண்டங்களிலும் இரட்டையர் வருவதால் கதையின் வேர் பழையது என்பதில் சந்தேகமில்லை. அதற்காக நூலில் உள்ள ஒவ்வொரு காட்சியையும் சுவரில் தேடக் கூடாது.

பந்தாடுபவர் ஓவியத்தில் அப்படி என்ன விசேஷம்?

எனக்கு மிகவும் பிடித்த ஓவியம் இது, 21ஆம் எண். இடுப்பில் தடித்த காப்பு கட்டிய ஒருவர், எதிரே படிக்கட்டு, அங்கே ஒரு பந்து. பந்தின் மேல் ஒரு கோடும் நான்கு புள்ளிகளும் இருக்கின்றன. மாயா கணக்கில் கோடு ஐந்து, புள்ளி ஒன்று, ஆக மொத்தம் 9. எண்ணோடு சேர்ந்து வரும் குறி கையால் அளக்கும் அளவு. 9 சாண் பந்து என்று வாசிக்கிறார்கள், சுற்றளவைத்தான் சொல்கிறது என்பது பொதுவான கருத்து. ரப்பர் பந்து அது, கெட்டியானது. இடுப்பால் தட்டி ஆடுவார்கள், காப்பு இல்லாமல் நின்றால் எலும்பு தாங்காது.

படிக்கட்டு ஏன் என்று கேட்பீர்கள். யாஷ்சிலான் நகரத்தில் 33ஆம் எண் கட்டடத்தின் ஒரு படியில் இதற்கு உதவும் சிற்பம் இருக்கிறது. அங்கே பறவை ஜாகுவார் என்ற அரசன் படிக்கட்டின் எதிரே பந்தாடுகிறான். உருண்டு வரும் பந்துக்குள் கட்டுண்ட கைதி ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான். பக்கத்தில் உடம்பில் நட்சத்திரக் குறியோடு இரண்டு குள்ளர்கள். பந்தாட்டம் அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. தோற்றவனின் சாவையும் பாதாளக் கதையையும் சேர்த்தே அவர்கள் நினைத்தார்கள். ஆகவே நாஜ் துனிச் ஆட்டக்காரரை ‘உள்ளூர் விளையாட்டு வீரர்’ என்று விட்டுவிட முடியாது. அவர் ஹுனாஹ்புவாகவே இருக்கலாம், அல்லது அந்தக் கதையை நடித்துக் காட்டும் மனிதராக இருக்கலாம்.

குள்ள உருவங்கள் குழந்தைகளா?

இல்லை. குழந்தையின் உடல் அளவும் குள்ளரின் உடல் அளவும் வேறு என்பது அந்த ஓவியர்களுக்கு நன்றாகத் தெரியும், இரண்டையும் பிரித்தே வரைந்தார்கள். மாயா அரசவைகளில் குள்ளர்களுக்கு மதிப்பான இடம் இருந்தது. குகை, பாதாளம், மழை ஆகியவற்றோடு தொடர்புள்ளவர்களாகவும் அவர்களைக் கருதினார்கள்.

நிர்வாண உருவங்களும் தழுவி நிற்கும் ஜோடியும் எதைக் குறிக்கின்றன?

மாயா பொதுக்கலையில் ஆடையில்லாமல் காட்டப்படுபவர் பெரும்பாலும் போர்க்கைதி. கையில் கயிறு, அவமானத்தின் அடையாளம் எல்லாம் இருக்கும். நாஜ் துனிச்சில் ஆடையற்ற ஆண்கள் இருக்கிறார்கள், கயிறு இல்லை. அதனால் கைதி விளக்கம் இங்கே பொருந்தாது. மாயா ஆண்கள் தங்கள் உறுப்பைக் குத்தி இரத்தம் சிந்திக் காணிக்கை செலுத்தியது பல சிற்பங்களிலிருந்து தெரியும். சில உருவங்களை அப்படி வாசிக்கலாம். இன்னும் சிலவற்றில் பாலுணர்வு வெளிப்படையாகவே இருக்கிறது.

18ஆம் எண் ஓவியத்தில் இருவர் தழுவி நிற்கிறார்கள். ஒருவர் ஆண் என்பது தெளிவு. மற்றவரிடம் பெண்ணுக்குரிய உடல் அடையாளம் எதுவும் தெளிவாக இல்லை. பெண் என்று சிலர் சொல்கிறார்கள், சடங்கில் பெண் வேடம் ஏற்ற ஆண் என்று சிலர் சொல்கிறார்கள், இரு ஆண்களின் உறவு என்றும் ஒரு வாசிப்பு உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் இதில் அடித்துச் சொல்ல முடியாது, அடித்துச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். நம் காலத்துக் கூச்சத்தையோ பரபரப்பையோ சுவரில் ஏற்றினால் வரைந்தவர் சொன்னது மறைந்துவிடும். பூமியின் கருவறைக்குள் வளத்தைக் கேட்டு நிற்கும் மக்களுக்கு உடலும் விளைச்சலும் தனித்தனி விஷயங்களாக இருந்திருக்காது.

பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் என்ன சொல்கின்றன?

பெரும்பாலும் நாள், ஆள், வருகை. இன்ன நாளில் இன்னார் வந்தார், பார்த்தார் என்ற வகைப் பதிவுகள்தான் அதிகம். கராகோல், கலக்முல், சாகுல் போன்ற வேறு வேறு ஊர்களோடு தொடர்புள்ளவர்கள் வருகிறார்கள். தேதிகள் கிட்டத்தட்ட கி.பி. 692 முதல் 771 வரை. இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. இது ஒரு கிராமத்தின் சொந்தக் குகையாக மட்டும் இருக்கவில்லை, தொலைவிலிருந்து பெரிய மனிதர்கள் யாத்திரையாக வந்த இடம். அப்படியென்றால் சுவரில் உட்கார்ந்திருக்கும் சில உருவங்கள் அந்த யாத்திரிகர்களாகவே இருக்கலாம்.

இந்த எழுத்துகள் நீண்ட காலம் வாசிக்கப்படாமலே கிடந்தன. 1952இல் ரஷ்ய அறிஞர் யூரி க்னோரோசோவ் அவற்றில் ஒலிக்குறிகள் உண்டு என்று காட்டினார். 1960இல் தத்தியானா ப்ரொஸ்கூரியாகோஃப் கல்வெட்டுகள் அரசர்களின் வாழ்க்கையைச் சொல்கின்றன என்று நிறுவினார். நாஜ் துனிச் இவற்றுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது நம் அதிர்ஷ்டம்.

வயதை எப்படிக் கணிக்கிறார்கள்?

எழுத்தில் தேதி இருந்தால் அதுவே சாட்சி. ஆனால் அங்கே பெரும்பாலும் பயன்பட்ட நாள்காட்டி முறையில் ஒரு தேதி 52 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயரில் திரும்பி வரும். எந்தச் சுற்று என்பதை எழுத்து நடையையும் அதில் வரும் ஆட்களையும் வைத்துத் தீர்மானிக்கிறார்கள்.

ஓவியச் சாயத்தில் உள்ள கரியில் கார்பன் பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். நாஜ் துனிச்சில் கிடைத்த முடிவுகள் எழுத்தில் இருந்த தேதியை விடப் பழையதாக வந்தன. கரி, மரம் வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும், தூரிகை ஓடிய நாளைச் சொல்லாது. ஆகவே எழுத்தில்லாத குகையில் ‘கார்பன் முறைப்படி இத்தனை ஆண்டு’ என்று படித்தால், ஓவியம் அதை விட இளையதாகவும் இருக்கலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சமே இல்லாத இடத்தில் போய் ஏன் வரைந்தார்கள்?

குகை அவர்களுக்கு மழையும் காற்றும் மேகமும் பிறக்கும் இடம், மழைக்கடவுளின் வீடு. மூதாதையரிடமும் மரண உலகத்துக்கும் போகும் வழியும் அதுதான். பல ஊர்களில் கோயில் கட்டடங்களின் முகப்பையே பிளந்த வாய் மாதிரி, மலைக்குகை மாதிரி செதுக்கினார்கள். தோஸ் பிலாஸ் நகரில் பெரிய கட்டடங்களுக்கு அடியிலேயே குகைகள் ஓடுவதை பிரேடி குழு கண்டறிந்தது.

உள்ளே போகப் போக ஆள் குறையும். வாசலில் கூட்டமாக நின்று சடங்கு செய்யலாம். குறுகிய சுரங்கத்துக்குள் இரண்டு மூன்று பேர்தான் போக முடியும். ஆழத்தில் உள்ள உருவம் ஊருக்காக வரையப்பட்டதல்ல, அங்கே வரத் தகுதி பெற்ற சிலருக்காகவும் குகையில் வாழும் சக்திகளுக்காகவும் வரையப்பட்டது. பிசின் நிறைந்த பைன் மரப் பந்தங்களின் ஆடும் வெளிச்சத்தில்தான் அதைப் பார்த்தார்கள். சுவரின் மேடும் பள்ளமும் அந்த வெளிச்சத்தில் அசையும். ஃப்ளாஷ் போட்டு எடுத்த தட்டையான போட்டோவில் இதில் பாதி போய்விடுகிறது.

கை அச்சுகள்?

கையில் சாயம் தோய்த்து அழுத்தியது ஒரு வகை. கையைச் சுவரில் வைத்துச் சுற்றிலும் சாயம் ஊதியது இன்னொரு வகை. லொல்துனில் இரண்டாவது வகையைக் காணலாம். கையின் அளவிலிருந்து வயதை ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். எந்தச் சடங்கு என்று கை சொல்லாது.

நீண்ட மண்டை, விசித்திரமான முகம்... வேற்றுக்கிரகவாசிகள் இல்லையா?

இல்லை. மாயா பெற்றோர் பச்சைக் குழந்தையின் தலையைப் பலகை கட்டி மெல்ல வடிவமைத்தார்கள். பின்னால் சாய்ந்த நெற்றி அவர்களுக்கு அழகு. அகழாய்வில் அத்தகைய மண்டையோடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, எல்லாம் மனித மண்டையோடுகள்.

அடுத்து எல்லோரும் காட்டுவது ‘ராக்கெட் ஓட்டும் மனிதர்’ படம். அது குகை ஓவியமே கிடையாது. 683இல் இறந்த பலெங்கே அரசன் பாகாலின் கல்லறை மூடி, 1952இல் அல்பெர்த்தோ ரூஸ் கண்டுபிடித்தது. படத்தை நேராக நிமிர்த்திப் பார்த்தால், பாதாளத்தின் திறந்த தாடைகளுக்கு மேலே அரசன், அவன் மேலே எழும் உலகமரம், உச்சியில் பறவை என்று ஒவ்வொன்றும் தெரியும். இதே மரமும் தாடையும் வேறு மாயா சிற்பங்களிலும் உண்டு. தங்கள் இறந்த அரசனுக்காக இவ்வளவு உழைத்த கலைஞர்களிடமிருந்து அந்தப் படைப்பைப் பிடுங்கி வேற்றுக்கிரகத்துக்குக் கொடுப்பது பெரிய அநியாயம்.

நம் மாமுனி மயனுக்கும் மாயா மக்களுக்கும் தொடர்பு உண்டா?

தமிழ் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையைப் படைத்த கணபதி ஸ்தபதி 1990களில் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய் அங்குள்ள பழைய கட்டடங்களைப் பார்த்து, தொடர்பு உண்டு என்று கருதினார். அவருடைய சிற்ப அறிவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் இந்தக் கருத்துக்குத் தொல்லியல் ஆதரவு இல்லை. இந்தியாவிலிருந்து அங்கே போன ஒரு பானை ஓடோ எழுத்தோ குகைகளில் கிடைக்கவில்லை. அந்த மக்களும் தங்களைக் கீச்சே, கெக்சி, மொப்பான், சோல் என்று தனித்தனிப் பெயரால்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ‘மாயா’ என்பது பின்னால் வந்த பொதுப்பெயர்.

இன்றைய மாயா மக்கள் இந்த உருவங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?

முதலில், அவர்கள் இருக்கிறார்கள். ‘மறைந்துபோன மாயர்கள்’ என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். லட்சக்கணக்கானவர்கள் இன்றும் மாயா மொழிகள் பேசி வாழ்கிறார்கள். கெக்சி மக்களுக்கு மலையும் பள்ளத்தாக்கும் சேர்ந்த தெய்வம் சூல்தாகா, வாசம் குகையில். மக்காச்சோளம் விதைக்கும் முன் அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றி, கோபால் என்ற மரத்தின் பிசினைப் புகைத்து அனுமதி கேட்கிறார்கள். சியாபாஸில் சோல் மக்கள் ஹோல்ஹா குகையில் மே மாதத்தில் இன்றும் வழிபடுகிறார்கள்.

8ஆம் நூற்றாண்டு உருவத்துக்கு இன்றைய வழிபாட்டிலிருந்து நேரடியாகப் பொருள் எடுக்க முடியாது. ஆனால் குகையை எப்படி அணுக வேண்டும், ஏன் அங்கே போகிறார்கள் என்ற உணர்வு அவர்களிடம் தொடர்ந்து இருக்கிறது. அதைக் கேட்காமல் சுவரை மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும்.

நேரில் போய்ப் பார்க்கலாமா? போட்டோவை வைத்துப் படிக்க முடியுமா?

1989இல் யாரோ நாஜ் துனிச்சுக்குள் புகுந்து பல ஓவியங்களைத் தேய்த்தும் கீறியும் கெடுத்துவிட்டார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டு தாங்கிய கோடுகள் அப்படிப் போயின. சில ஓவியங்களுக்கு இப்போது 1980களில் எடுத்த படங்களும் வரைபடங்களும்தான் நல்ல ஆதாரம். ஓவியம் உள்ள எந்த மாயா குகையானாலும் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள். சுவரில் கை வைக்கவே கூடாது, விரலின் எண்ணெய்ப் பசையே கரியை எடுத்துவிடும்.

போட்டோவை வைத்து நிறையப் படிக்கலாம். அகச்சிவப்பு உள்ளிட்ட பல அலைநீளங்களில் படமெடுக்கும் முறை நாஜ் துனிச்சில் பயன்பட்டிருக்கிறது, கண்ணுக்கு மங்கிய கோடுகள் அதில் தெளிவாகின்றன. சிவப்புச் சாயம் என்றால் டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள் உதவும். ஆனால் அதில் வரும் நிறங்கள் கணினி போட்டவை, அவற்றை அசல் நிறம் என்று பகிராதீர்கள். கூடவே, யாராவது கையால் படியெடுத்த வரைபடம் கிடைத்தால் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படியெடுத்தவர் விரிசலைக் கோடாக எடுத்துக்கொண்ட இடங்களும், மங்கிய விரலை விட்டுவிட்ட இடங்களும் அப்போது தெரியவரும்.